மத்தாப்புப் பெட்டியின் இரண்டாவது வரி

...அந்த வரியை எடுத்தே ஆக வேண்டும், பெட்டிகள் கடைக்குப் போவதற்குள் எடுத்தாக வேண்டும், பிராங்க்ளின் என்ன சொன்னாலும் சரி, ஆர்டர் என்பான், சீசன் என்பான், தலையைச் சொறிந்துகொண்டு சிரிப்பான், சித்தி மகனாயிற்றே, அந்தச் சிரிப்புக்கெல்லாம் மசியக்கூடாது... விருதுநகரில் ரயிலை விட்டு இறங்கி, சிவகாசி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததிலிருந்து ஜெமிமா இதையேதான் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தாள், சீரியலுக்கு வசனம் மனப்பாடம் பண்ணுகிற மாதிரி. கம்பி மத்தாப்புப் பெட்டியின் மேல் அவள் படம், மாம்பழக் கலர் சேலை, படத்துக்குக் கீழே முதல் வரி ‘சின்னத்திரை புகழ் ஜெமிமா’, அது இருக்கட்டும், அது உண்மை. இரண்டாவது வரி ‘இந்த ஆண்டின் சிறந்த வில்லி விருது பெற்றவர்’. எங்கே பெற்றாள்? முந்தாநாள் சென்னையில் அந்த விருதை வேறொருத்தி மேடையேறி வாங்கிக்கொண்டு போனாள், இவள் கீழே உட்கார்ந்து கை தட்டினாள்.

பிராங்க்ளினை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய, விருதுப் பட்டியலில் ஐந்து பேரில் ஒருத்தியாகத் தன் பேர் வந்திருக்கிறது என்று போனில் சொன்னவள் அவள்தானே, பேர் வந்துவிட்டது, பிறகென்ன என்று அவன் தன் பிரஸ்ஸில் லேபிளை அச்சுக்கு ஏற்றிவிட்டான். அடுத்த வருசத்துக் காலண்டரை இந்த ஆடியிலேயே அடித்துக் கையில் கொடுக்கிற ஊர், வராத பொங்கலுக்குச் சிவப்பு மை போட்டுப் பழகிய ஆட்கள், வராத விருதுக்கு மட்டும் காத்திருப்பார்களா? பார்சலில் அந்தப் பெட்டி வந்தபோது அவளுக்கும் கோபம் வரவில்லையே, எடுத்து டிவி மேல் வைத்து நாலு தடவை பார்த்தாளே... விருது நிகழ்ச்சியைத் தீபாவளியன்றைக்குத்தான் டிவியில் போடுவார்கள், அதுவரை ஊருக்குத் தெரியாது. அன்றைக்குப் பிள்ளைகள் அவள் படம் போட்ட பெட்டியைப் பிரித்து மத்தாப்புக் கொளுத்திவிட்டு உள்ளே வந்து டிவி முன்னால் உட்காரும், அங்கே அவள் தோற்றுக்கொண்டிருப்பாள். அதுவும் எப்படி, பேரை வாசிப்பதற்கு முன்பே கேமராக்காரன் ஒருத்தன் வந்து அவள் முகத்துக்கு நேராகக் குத்தவைத்துக்கொண்டான், வேறு பேர் விழுந்த பிறகும் நகரவில்லை, அவளும் சிரிப்பை இறக்கவில்லை, கன்னம் நடுங்குவது தெரிந்துவிடுமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். அந்த வருசம் முழுக்க அவள் நடித்ததிலேயே அதுதான் நல்ல நடிப்பு, அதை எந்த நடுவர் பார்த்தார்?

திருத்தங்கல் வருவதற்குள் பக்கத்து சீட்டில் தூக்குவாளியோடு இருந்த அம்மாள் அவளைக் கண்டுபிடித்துவிட்டாள். “நீங்க டிவியில வர்ற கௌசல்யாதான? அந்தச் சின்னப் பிள்ளைய எதுக்கு இப்படிப் போட்டு வதைக்கீக?” என்று உண்மையான கோபத்தோடு கேட்டாள். ஜெமிமாவுக்கு இது பழக்கம்தான், சொந்த ஊர் எம். புதுப்பட்டி சபையில் கிறிஸ்துமஸ் நாடகம் போட்டபோதே, பச்சைப் பிள்ளைகளை வெட்டச் சொன்ன ஏரோது ராஜா வேஷத்தை, யாரும் எடுக்காததை, அவள்தான் கேட்டு வாங்கினாள், மகள் மரியாளாக வருவாள் என்றிருந்த அம்மாவுக்கு முகம் தொங்கிப்போனது, ஆனால் அவள் வாளை உருவியதும் முன்வரிசைப் பிள்ளை ஒன்று வீறிட்டு அழுததே, அந்தச் சந்தோஷம்... வில்லிதான் வேண்டும் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. அம்மாள் விடவில்லை, விருது வாங்கிவிட்டீர்களாமே, எங்கள் மத்தாப்புக் கம்பெனியில் அந்த லேபிளைத்தான் ஒட்டுகிறோம் என்றாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும், அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடப் போகிற மனுஷி.

“இல்லக்கா, வாங்கல. வேற ஆளுக்குக் குடுத்துட்டாக. பெட்டியில தப்பாப் போட்டிருக்கு, மாத்தத்தான் போறேன்.” முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னாள். அம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, தூக்குவாளியை மடியில் நகர்த்திக்கொண்டு இறங்கிப் போனாள். சொல்லியாயிற்று, உயிர் ஒன்றும் போய்விடவில்லை, இதையே அவனிடமும் சொல்ல வேண்டும். லோடு போய்விட்டது என்றால் திருப்பிக் கொண்டுவா என்று சொல்ல வேண்டும், நஷ்டம் என்றால் என் படத்தையும் சேர்த்து எடு என்று சொல்ல வேண்டும், கண் கலங்கக்கூடாது, அக்கா அக்கா என்று குழைவான், குரலை உயர்த்த வேண்டும்.

பிராங்க்ளின் பிரஸ்ஸில் மை வாடை மூக்கில் ஏறியது. “வாங்கக்கா, சொல்லாமக் கொள்ளாம வந்திருக்கீக, சாப்பிட்டீகளா?” என்று நாற்காலியை இழுத்துப் போட்டான். அவள் உட்காரவில்லை.

“விருது எனக்கு வரலைலே. அந்த வரிய எடுத்துரு.”

அவ்வளவுதான் சொன்னாள், மீதி வசனமெல்லாம் நாக்கு நுனியில் காத்திருந்தது. “சரிக்கா, எடுத்துருவோம். பெட்டியெல்லாம் குடோன்லதான் கெடக்கு, அந்த வரி மேல தாள் பட்டை ஒட்டிருவோம்” என்றான் அவன். உள்ளே திரும்பி, வேலைக்கு இருந்த செல்லக்கனியிடம் மஞ்சள் தாளை நீளநீளமாக வெட்டச் சொன்னான், டீக்கு ஆள் அனுப்பினான்.

ஜெமிமா அப்போதுதான் உட்கார்ந்தாள். நினைத்துவந்த காரியம் நடந்துவிட்டது, ஒரு சொல் சண்டையில்லாமல் நடந்துவிட்டது, பிறகென்ன, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதானே... அவன் மாட்டேன் என்றிருக்கலாம், உங்களுக்குக் கொடுக்காமல் வேறு எவளுக்குக் கொடுப்பார்கள், வரி கிடக்கட்டும் என்று ஒரு வார்த்தை மல்லுக்கு நின்றிருக்கலாம், அப்படி நின்றிருந்தாலும் அவள் விட்டிருக்கப் போவதில்லை, ஆனாலும்... அந்த ஒரு வார்த்தையைக் கேட்கத்தானா இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தாள்? செல்லக்கனி முதல் பெட்டியில் பட்டையை ஒட்டிக்கொண்டுவந்து, இந்த அகலம் போதுமா என்று காட்டினாள்.

ஜெமிமா பெட்டியை வாங்கி வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். “இன்னுங் கொஞ்சம் அகலமா வெட்டுங்க. எழுத்து தெரியுது.”