பாதி ஓஸ்தி

ஞானோபதேச வகுப்பு முடிந்து பிள்ளைகள் கலைந்த பிறகு, இருதயமேரி ஒரு பிளாஸ்டிக் ஃபைலை மேசைமேல் வைத்தாள். ஓரம் கிழிந்து டேப் ஒட்டிய ஃபைல், உள்ளே மரபணுச் சோதனை முடிவு. அவள் மகள் ஜெர்லின் ஜன்னல் கம்பியில் கன்னத்தை அழுத்திக்கொண்டு, கோயில் மைதானத்தில் நின்ற வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க காலேஜ்ல இதத்தான நடத்துறீங்க. படிச்சிப் பாத்து சொல்லுங்க சார்."

ஜூலியன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். வார நாட்களில் அவர் ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் நடத்துகிறார். சனிக்கிழமை மாலைகளில் உழவர்கரையின் இந்தப் பங்குக் கோயிலில், புதுநன்மைக்கு, அதாவது பூசையில் நற்கருணை அப்பத்தை முதல்முறையாக வாங்குவதற்கு, ஆயத்தமாகும் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம். பதினெட்டு வருடமாக இரண்டையும் செய்கிறார். அங்கே பேசுவதை இங்கே பேசுவதில்லை, இங்கே பேசுவதை அங்கே பேசுவதில்லை. இரண்டும் ஒரே மேசைக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

"ஒரே ஒரு எழுத்துதான் மாறியிருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க. முந்நூறு கோடி எழுத்துல ஒண்ணு. ஒண்ணுக்கு இவ்ளோவா சார்?"

"சில எழுத்துக்கு அப்படித்தாம்மா."

"எங்கிட்டயும் இல்ல, அவங்கப்பாகிட்டயும் இல்லன்னு போட்டிருக்காமே. அப்ப யாரு மேலயும் தப்பில்லதான? மதம் விட்டு மதம் கட்டுன பாவம்னு எங்க மாமியா சொல்றாங்க. எங்கம்மாவும் அதையேதான் சொல்றாங்க. அதுல மட்டும் ரெண்டு பேருக்கும் அப்பிடி ஒரு ஒத்துமை."

"யாரு மேலயும் தப்பில்ல. தானா நேர்றது. யாருக்கு வேணா நேரும்."

அவள் ஃபைலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, வந்த காரியத்தைக் கேட்டாள்.

"இந்த வருஷமாவது பேரு எழுதுவீங்களா சார்?"

ஜெர்லினுக்குப் பதினோரு வயது; பேச்சும் புரிதலும் அந்த வயதுக்கு வளரவில்லை. அவளோடு ஞானஸ்நானம் வாங்கிய பிள்ளைகள் புதுநன்மை வாங்கி இரண்டு வருடம் ஆகிவிட்டது. பட்டியல் எழுதுவது ஜூலியன்தான். அவர் எழுதினால் பங்குச் சாமியார் மறுபேச்சு பேசமாட்டார். எழுதுவதற்கு ஜூலியன் ஒன்றைத்தான் பார்ப்பார். நன்மைக்கும் சாதாரணச் சாப்பாட்டுக்கும் வித்தியாசம் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். இரண்டு வருடமும் ஜெர்லினிடம் கேட்டார். இரண்டு வருடமும் அவள் சிரித்துக்கொண்டே "ஆமென்" என்றாள்.

"அடுத்த சனிக்கிழமை ஒத்திகை இருக்கு. கூட்டிட்டு வாங்க, பாக்கலாம்" என்றார்.

திங்கட்கிழமை முதல் பாடவேளை மனிதப் பரிணாமம். ஜூலியன் கரும்பலகையில் இரண்டு மண்டையோடுகளை வரைந்தார். நியாண்டர்தால் மனிதருடையதும் நம்முடையதும். மூளையின் அளவில் அவர்கள் நமக்குக் குறைந்தவர்கள் இல்லை என்று சொன்னார். ஆனால் ஒரு மரபணுவில் ஓர் எழுத்து வேறு. அதனால் ஒரு புரதத்தில் அவர்களுக்கு லைசின் இருந்த இடத்தில் நமக்கு ஆர்ஜினின் இருக்கிறது. அந்த ஒரு மாற்றம், கருவில் மூளை வளரும்போது முன்பகுதியில் நரம்பணுக்களைப் பெருக்குகிறது என்று ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. திட்டமிடுவது, யோசிப்பது எல்லாம் அந்த முன்பகுதியின் வேலை.

"அப்ப அரியர் வெச்சவன்லாம் நியாண்டர்தாலா சார்?" கடைசி வரிசையிலிருந்து புருஷோத்தமன் கேட்டான்.

"ஒனக்கு அந்த எழுத்து சரியாத்தான் இருக்குடா. நீதான் அதைத் தொறந்தே பாக்கல."

வகுப்பு சிரித்து அடங்கியது. கடைசி ஐந்து நிமிடத்துக்கு அவர் வருடாவருடம் ஒரு கதை வைத்திருப்பார். இராக்கில் ஒரு குகையில் கிடைத்த நியாண்டர்தால் எலும்புக்கூடு. ஒரு கை சூம்பியிருந்தது, கால் ஊனம், ஒரு கண் அநேகமாகத் தெரிந்திருக்காது. அப்படியும் அந்த மனிதர் நாற்பது வயதுவரை வாழ்ந்திருக்கிறார். அந்தக் காலத்தில் அது கிழவயது.

"அவரால வேட்டையாடியிருக்க முடியாது. அப்ப யாரோ..." என்று தொடங்கியவர் நின்றுவிட்டார். அந்த எழுத்து இல்லாத யாரோ ஒருவர், தமக்குக் கிடைத்த இறைச்சியில் ஒரு பங்கைப் பிய்த்து அவரிடம் கொண்டுபோயிருக்க வேண்டும். பதினெட்டு வருடமாகச் சொல்லிவந்த வாக்கியம்தான். அன்று அவருக்கு ஜன்னல் கம்பியில் அழுந்திய ஒரு கன்னம் ஞாபகம் வந்தது. மணி அடித்தது. பிள்ளைகள் எழுந்து போனார்கள்.

சனிக்கிழமை ஒத்திகைக்கு, மடத்துச் சிஸ்டர்கள் ஒரு பொட்டலம் ஓஸ்தி கொடுத்தனுப்பியிருந்தார்கள். நன்மையாகக் கொடுக்கும் மெல்லிய வட்ட அப்பம்தான், ஆனால் பூசையில் வைத்து அர்ச்சிக்காத வெறும் ஓஸ்தி. மாவும் தண்ணீரும் மட்டும். பன்னிரண்டு பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். ஜெர்லின் கடைசி. மற்றவர்களைவிட ஒரு தலை உயரம்.

"எடது கை மேல, வலது கை கீழ. 'ஆமென்' சொல்லணும். அங்கேயே நின்னு வாயில போட்டுக்கணும். பாதிய வெச்சிக்கக்கூடாது, யாருக்கும் குடுக்கக்கூடாது. புரியுதா?"

"சார், இவ எதுக்குக் கேட்டாலும் ஆமென்தான் சொல்றா" என்றாள் முன்னால் நின்ற பெர்னிலா. "எம் பென்சில எடுத்தியான்னு கேட்டேன். அதுக்கும் ஆமென்னா."

"ஒத்துக்கிட்டாளே. நீ ஒத்துக்குவியா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். ஜெர்லினும் சிரித்தாள்.

இருதயமேரி கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அது அவளுடைய பெஞ்சு. பக்கத்து மேட்டுப்பாளையத்தில் லேத் ஓட்டும் கலியபெருமாளை அவள் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ரிஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டாள். ஞாயிறுதோறும் அவர் இருவரையும் வண்டியில் கொண்டுவந்து கோயில் வாசலில் விட்டுவிட்டு, எதிர் டீக்கடையில் பேப்பர் படிப்பார். திருமணம் கோயிலில் நடக்காததால், திருச்சபை விதிப்படி அவள் நன்மை வாங்குவதில்லை. எல்லோரும் எழுந்து வரிசையில் போகும்போது முழங்காலை ஒடுக்கி வழிவிட்டு உட்கார்ந்திருப்பாள், பக்கத்தில் மகளோடு.

ஜெர்லினின் முறை வந்தது. கைகளைச் சரியாக நீட்டினாள். இடது மேலே, வலது கீழே. "ஆமென்" என்றாள். ஓஸ்தியை வாயில் போடவில்லை. உள்ளங்கையில் இருந்த அந்த வெள்ளை வட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு இரண்டு கையாலும் பிடித்து உடைத்தாள். சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. திரும்பிக் கடைசிப் பெஞ்சுக்கு நடந்தாள்.

"அம்மா, உனக்கு."

"சார்! தப்பு சார்! குடுக்குறா சார்!" என்று பெர்னிலா கத்தினாள்.

இருதயமேரி பெஞ்சில் பின்னால் நகர்ந்தாள். "ஐயோ, வாயில போடுடி. சார் பாக்குறாரு, போடு" என்றாள் தணிந்த குரலில். ஜெர்லின் நீட்டிய கையை மடக்கவில்லை.

ஜூலியன் பெஞ்சுகளுக்கு நடுவே நடந்துவந்தார். பதினோரு வருடம் ஞாயிறுதோறும் ஜெர்லின் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்: எல்லோருக்கும் கிடைப்பது அம்மாவுக்கு மட்டும் கிடைப்பதில்லை. அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிஷப்பான மேற்றிராணியாரின் அனுமதி வாங்கி இப்படிப்பட்ட திருமணத்தைக் கோயிலில் சரிசெய்துகொள்ளலாம், மாப்பிள்ளை மதம் மாறவும் வேண்டாம் என்பது அவருக்குத் தெரியும். இருதயமேரி கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

"வாங்கிக்குங்கம்மா. பூசையில வெச்சதில்ல. வெறும் மாவுதான்."

"புதுநன்மை அன்னிக்கும் இப்பிடித்தான் செய்வா சார்."

"செய்வா."

"அப்பறம் எப்பிடி சார்?"

"சாமியார்கிட்ட பேசணும்" என்றார். "ரெண்டு பேரு விஷயத்தையும் பேசணும். இது நான் முன்னாடியே செஞ்சிருக்க வேண்டியது."

இருதயமேரி பாதி ஓஸ்தியை வாங்கி வாயில் வைத்தாள். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய ருசி. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் விழுங்கும்வரை பார்த்துவிட்டு, ஜெர்லின் தன் பாதியைப் போட்டுக்கொண்டாள்.

ஜூலியன் பட்டியலை எடுத்துப் பெஞ்சின் முதுகில் வைத்து, பன்னிரண்டாவதாக ஜெர்லினின் பெயரை எழுதினார். முன் வரிசைப் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஜெர்லின் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். உடைத்தபோது சிந்திய துகள்கள் அம்மாவின் சேலை மடிப்பில் கிடந்தன. நன்மை கொடுத்து முடித்ததும் சாமியார் தட்டில் உள்ள துகள்களை ஒவ்வொன்றாக விரல்நுனியில் ஒற்றி எடுப்பாரே, அதே மாதிரி ஒற்றி எடுத்து அவள் நாக்கில் வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றையும் விடவில்லை. இட்லி, சோறு சிந்தினால் இவள் இப்படிச் செய்வதில்லை என்று இருதயமேரி யாருக்கோ சொல்வதுபோல் சொன்னாள்.

கடைசித் துகளோடு ஜெர்லின் எழுந்தாள். விரலை ஜூலியன் பக்கம் நீட்டினாள். மூடி திறந்த பேனாவை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் ஒரு கணம் தடுமாறினார். பிறகு அதைப் பட்டியலின் மேலேயே போட்டுவிட்டு, இடது கையை மேலேயும் வலது கையைக் கீழேயும் வைத்து நீட்டினார்.