நாற்காலிக்கு அடியில் ஸ்டூல்

அந்த வீட்டில் டாக்டர் என்றால் அண்ணன்தான். இதய டாக்டர். தங்கை வெறும் பல் டாக்டர். சொந்தக்காரர்கள் கணக்கில் டாக்டரே இல்லை. யாருக்காவது தலை சுற்றினால், அவள் பக்கத்திலேயே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருந்தாலும் போன் அண்ணனுக்குத்தான் போகும். "நீ பல்லப் பாரும்மா" என்று அத்தை சிரிப்பாள். இவளும் கூடச் சேர்ந்து சிரித்துத் தொலைப்பாள்.

அன்று காலை அப்பா கிளினிக்குக்கு வந்தார். இடது தாடை வலிக்கிறதாம். ஒவ்வொரு பல்லாகத் தட்டிப் பார்த்தாள், எக்ஸ்ரே எடுத்தாள். பல்லில் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஏசி ஓடுகிற அறையில் அப்பாவின் நெற்றி முத்து முத்தாக வியர்த்திருந்தது. இது பல் இல்லை, மாரடைப்புதான் தாடையில் வலிக்கிறது என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"அப்பா, ஆம்புலன்ஸ் கூப்பிடறேன்."

"பல்லு வலிக்கு ஆம்புலன்ஸா? ஊரே சிரிக்கும். முதல்ல அண்ணனக் கேளு."

பாழாய்ப்போன பழக்கம்! போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை. மறுபடி செய்தாள். மாரடைப்புக்கு முதலில் கொடுக்கிற ஆஸ்பிரின் அலமாரியில் இருந்தது. கொடுக்கலாமா என்று அதையும் அவனையே கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தாள். இப்படியே பதினொரு நிமிஷம் போயிற்று. அப்பாவின் தலை தொங்கிவிட்டது.

கிளினிக்கில் உதவிக்கு இருக்கும் அக்கா ஆம்புலன்ஸுக்குப் பேச ஓடினாள். இவள் பல் பார்க்கிற நாற்காலியைப் படுக்கையாகச் சாய்த்தாள். நெஞ்சை அழுத்தினால் கூடவே ஆடுகிற நாற்காலி அது. தான் உட்காரும் ஸ்டூலை முதுகுப் பக்கத்துக்கு அடியில் தள்ளி முட்டுக் கொடுத்து, எண்ணி எண்ணி அழுத்தினாள். படித்ததில் ஒன்றுகூட மறக்கவில்லை. ஆம்புலன்ஸ் வந்தபோது அப்பா இல்லை. அப்புறம்தான் போன் அடித்தது. அண்ணன்.

"டாக்டர் பக்கத்துலயே இருந்தும் என் தம்பி இப்படிப் போயிட்டானே!" என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். ஆக, இத்தனை வருஷம் கழித்து இவளும் டாக்டர் ஆகிவிட்டாள்! கோபம் வரும் என்று பார்த்தாள், வரவில்லை. அழுகையும் வரவில்லை. உடம்பெல்லாம் மரத்துப்போயிருந்தது.

அண்ணன் மட்டும் மெதுவாகக் கேட்டான்: "உனக்குத் தெரிஞ்சுதானே இருந்தது? என்னைக் கேக்கணும்னு எதுக்குக் காத்திருந்த?"



பதினைந்தாம் நாள் கிளினிக்கைத் திறந்தாள். முதலில் வந்தவர் ஒரு பஸ் டிரைவர்.

"டாக்டரம்மா, இடது பக்கத் தாடை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது."

அவர் நாற்காலியில் சாய்ந்து பல்லைக் காட்டுவதற்குள் ஸ்டூல் நாற்காலிக்கு அடியில் போயிருந்தது. "அக்கா, ஆம்புலன்ஸ்" என்றாள்.

"ஐயய்ய, சொத்தைப் பல்லும்மா! பாருங்க!" டிரைவர் வாயைப் பிளந்து காட்டினார். கடைவாய்ப் பல்லில் பட்டாணி அளவுக்கு ஓட்டை. அக்கா போனைக் கையில் வைத்துக்கொண்டு இவள் முகத்தையே பார்த்தாள்.

"கூப்பிடுங்கக்கா."

வெளியே காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கும்வரை அவள் டிரைவரின் மணிக்கட்டை விடவே இல்லை.