இடப்பக்கம் திருப்பினால்

அண்ணன் இறந்தபின் அவருடைய பழைய மோட்டார் சைக்கிளை யாரும் தொடவில்லை. ஏரிக்கரை வளைவிலிருந்து அதைத் தூக்கிவந்தவன் தம்பிதான். தன் பட்டறையின் பின்சுவரில் சாய்த்து, தார்ப்பாயால் மூடிவிட்டான். விபத்தை விசாரித்த காவலர், முகப்பு விளக்கின் சுவிட்ச் அணைந்த நிலையில் இருந்ததாகச் சொல்லியிருந்தார். இருட்டில் விளக்கை அணைத்துவிட்டு யார் வண்டி ஓட்டுவார்கள்? உறவுக்காரர்கள் அதை வாய்விட்டுக் கேட்கவில்லை. அண்ணி அறைக்குள் நுழைந்தால் மட்டும் பேச்சைப் பாதியில் விழுங்கினார்கள்.

ஒரு மதியம் அண்ணியே பட்டறைக்கு வந்தாள்.

"அவரா அணைச்சாரா, அதுவா அணைஞ்சுதா? அது மட்டும் எனக்குத் தெரியணும் தம்பி."

அவன் தார்ப்பாயை இழுத்தான். பியூஸ் கருகியிருந்தது. அண்ணியின் முகம் மலர்வதைப் பார்த்து, வண்டி விழுந்த அதிர்ச்சியில்கூட அது போயிருக்கலாம் என்று அவசரமாகச் சொல்லிவைத்தான். வளைந்த கைப்பிடியை நிமிர்த்தி, உடைந்த விளக்குக்குப் பதில் வேறொன்று மாட்டி, புதிய பியூஸ் போட்டான். விளக்கு எரிந்தது. வண்டியை வாசலுக்குத் திருப்பியதும் போய்விட்டது. அடுத்த பியூஸும் அப்படியே.

"பியூஸைத் தின்னே உயிர் வாழுற வண்டியா இது?" என்று பக்கத்துப் பெயின்டர் எட்டிப்பார்த்தார். முக்காலியில் அண்ணியைக் கண்டதும் தலையை இழுத்துக்கொண்டார்.

இதற்கு மேல் பியூஸைப் பலி கொடுப்பதில் பயனில்லை. பியூஸ் இருந்த இடத்தில் ஒரு சிறிய பல்பை இணைத்தான். முகப்பு விளக்கைக் கழற்றிவிட்டு, சாவியைப் போட்டான். மின்சாரம் எங்காவது வழிதவறி இரும்பைத் தொட்டால் இந்தப் பல்பு எரியும். இல்லையென்றால் சும்மா கிடக்கும். கைப்பிடியை வலப்பக்கம் திருப்பினான். ஒன்றுமில்லை. இடப்பக்கம் திருப்பியபோது பல்பு பளிச்சென்று எரிந்தது. இருவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரிக்கரை வளைவும் இடப்பக்கம்தான்.

பெட்ரோல் டேங்கைக் கழற்றி, கைப்பிடியின் கழுத்தருகே ஒயர்களைப் பிரித்தான். ஒன்றில் மேலுறை தேய்ந்து செம்பு தெரிந்தது. அது உரசிய இரும்பில் பெயின்ட் போய் வழவழவென்று இருந்தது. விழுந்து அறுபட்டதல்ல. மாதக்கணக்கில் தேய்ந்தது. அண்ணியை அருகில் அழைத்து அந்த இடத்தைத் தொட்டுக்காட்டினான்.

விளக்கு அணைவதைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்றாள் அண்ணி. அவன் எல்லாவற்றையும் பழையபடி மாட்டி, பியூஸ் போட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினான். அவள் வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சுவரில் மஞ்சள் வட்டம் விழுந்தது. மெதுவாக இடப்பக்கம் திருப்பினாள். வட்டம் மறைந்தது.

அவள் கட்டைவிரல் தன்னையறியாமல் சுவிட்சைத் தட்டியது. தட்டியது, மறுபடி தட்டியது. விரல் நின்றபோது சுவிட்ச் அணைந்த பக்கம் இருந்தது.

"இப்படித்தான் தட்டியிருப்பார்," என்றாள்.

அவன் தலையசைத்தான். கண்ணைத் துடைத்துக்கொள்ளத் திரும்பியவனுக்கு, பின்னால் அவள் இறங்கும் சத்தம் கேட்கவில்லை. அவள் கைப்பிடியைப் பிடித்தபடி, வெளிச்சம் விழுந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை முடிஞ்சு வீட்டுக்கு வர்ற வழி அது இல்லையே தம்பி. ஏரிப் பக்கம் எதுக்குப் போனார்?"

அதற்கான பதில் எந்த ஒயரைப் பிரித்தாலும் கிடைக்காது.