அன்ரனெற்றின் கறுப்புச் சீலை

பதினோராவது தடவையும் அந்த ஊதா போகவில்லை. சீமோன் திரையில் நீலத்தைக் கொஞ்சம் குறைத்துப் பார்த்தான். சவப்பெட்டியைச் சுற்றியிருந்த வெள்ளை லில்லிகள் மஞ்சளாகிப் போயின. நீலத்தைப் பழையபடி விட்டுவிட்டுச் சிவப்பைக் குறைத்தான். பெட்டிக்குள் கிடந்த அல்பேட் அண்ணையின் முகம் பாசி பிடித்ததுபோலாயிற்று. பார்க்க முடியாமல் எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டான். இருந்தபடி விட்டால் படத்தில் வேறு ஒரு குறையும் இல்லை. பூ வெள்ளை, மெழுகுதிரிச் சுடர் மஞ்சள், பெட்டியின் தலைமாட்டில் நின்ற அல்பேட்டின் மனைவி அன்ரனெற் அக்காவின் ரவிக்கைச் சட்டை கறுப்பு. அவர் கட்டியிருந்த சீலை மட்டும் கத்தரிப்பூ நிறம். கல்யாண வீட்டுக்கு உடுத்திக்கொண்டு போகலாம், அவ்வளவு தெளிவான நிறம்.

செத்தவீடு நடந்து மூன்று கிழமை ஆகிவிட்டது. தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு பெப்ரவரி, பனி கொட்டிய ஒரு வியாழக்கிழமை. அல்பேட்டின் ஒரே அண்ணன் யோசப் பாரிசில் இருந்தார். அகதி வழக்கு முடியாததால் அவரால் விமானம் ஏற முடியவில்லை. அவர்தான் படம் எடுத்து அனுப்பச் சொன்னது. சீமோன் மார்க்கம் என்ற நகரில் ரீவியும் கொம்பியூட்டர்த் திரையும் திருத்தும் கடையில் வேலை செய்தான். புளொப்பித் தட்டில் படத்தைப் பதிகிற புதுக் கமெரா ஒன்று அப்போதுதான் அவன் கைக்கு வந்திருந்தது. அன்று இரவே படங்களை ஈமெயிலில் அனுப்பினான். கழுவக் கொடுத்து, தபாலில் போட்டு, இரண்டு கிழமை காத்திருக்க வேண்டிய படம் ஒரு மணித்தியாலத்தில் பாரிசில் கிடைத்தது. ஊதாவை அவன் அப்போதே கண்டான். திரையின் கோளாறாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அனுப்பும் பொத்தானை அழுத்தினான். துக்கத்துக்கு நடுவிலும் அந்தக் கமெராவைப் பற்றி அவனுக்கொரு பெருமை இருந்தது. பிறகு அதை நினைக்கும் போதெல்லாம் காது சூடாகியது.

நேற்று, சனிக்கிழமை, யோசப் தொலைபேசியில் வந்தார்.

“சீமோன், அவள் என்ன நிறச் சீலை கட்டினவள்?”

“கறுப்பு அண்ணை.”

“என்னட்டைப் படம் இருக்கு.”

“கமெராவில ஏதோ பிழை. நான் பக்கத்திலதான் நிண்டனான்.”

“பூ வெள்ளையாத்தான் இருக்கு. அவளின்ர சட்டையும் கறுப்பாத்தான் இருக்கு. உன்ர கமெரா சீலையை மட்டும் தேடிப் பிடிச்சோ பிழை விட்டது?”

யோசப் அவசரப்படாமல் பேசினார், அதுதான் பயமாக இருந்தது. தம்பி படுக்கையில் கிடந்தபோதே தையல் பக்ரறிக்கு வேலைக்குப் போனவள்தானே என்றார். முப்பத்தோராம் நாள் பூசையில் கொடுக்கிற நினைவுமலரைப் பாரிசில்தான் அச்சடிப்பதாகவும், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறதென்றும் சொன்னார். “மனைவி எண்டு அவளின்ர பேர் அதில வராது. படமும் வராது. சொல்லிப்போடு.”

ஊரிலிருந்து சிதறிப்போன சனத்துக்கு நினைவுமலர் வெறும் புத்தகமல்ல. யார் யாருக்கு என்ன முறை என்பதற்கு அதுதான் அத்தாட்சி. லண்டனிலும் ஒஸ்லோவிலும் வீடு வீடாகப் போய், இருபது வருடம் அலுமாரிகளில் இருக்கும். அதில் பெயர் இல்லாத மனைவி எத்தனை வாயில் விழுந்து எழும்ப வேண்டும் என்று சீமோன் நினைத்துப் பார்த்தான். எல்லாம் தான் வாங்கிய கமெராவால், தான் அழுத்திய ஒரு பொத்தானால் வந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் எக்ளின்ரன் வீதியில் போகிற பஸ் எடுத்து, பதினாலாம் மாடியிலிருந்த அன்ரனெற்றின் வீட்டுக்குப் போனான். கமெரா தோளில் தொங்கியது. பெரிதாக்கி அச்சடித்த படம் கடித உறைக்குள் இருந்தது. யோசப் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லி முடித்துவிட்டுக் கம்பளத்தைப் பார்த்தபடி இருந்தான். அழுவார் என்று எதிர்பார்த்தான். சமையலறையில் பிரிஜ் உறுமி ஓய்ந்தது. கீழே வீதியில் பனி வழிக்கிற வண்டி ஒன்று போய்த் திரும்பி வந்தது. அவ்வளவு நேரமும் அன்ரனெற் கைகளை மடியில் வைத்தபடி இருந்தார்.

“படத்தைக் கொண்டந்தனியே?”

கொடுத்தான். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து ஜன்னலடிக்குப் போனார். தன் முகத்தையோ கணவனின் முகத்தையோ அவர் பார்க்கவில்லை. படத்தை ஒரு மூலையிலிருந்து தொடங்கி, கோடு கோடாக, தையல் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு வந்தார். தையல் தொழிற்சாலையில் பதினொரு வருடம் அந்தக் கண்ணை வைத்துத்தான் அவர் வேலை செய்கிறார் என்பது சீமோனுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கண் வேலை செய்வதை அவன் அன்றுதான் கண்டான்.

“இரத்தினவேல் அண்ணை என்ன நிற ரை கட்டினவர்?”

இரத்தினவேல் பெட்டி தூக்கியவர்களில் ஒருவர். அல்பேட்டோடு ஒன்றாக வேலை செய்தவர்.

“கறுப்பு. அவருக்கு முடிச்சுப் போடத் தெரியாதெண்டு நான்தான் கட்டிவிட்டனான்.”

“உதில பார்.”

சீமோன் குனிந்து பார்த்தான். கறுப்புக் கோட்டுக்குள், வெள்ளைச் சட்டையின் மேல், கழுத்துப்பட்டி அதே கத்தரிப்பூ நிறம். மூன்று கிழமையாக இந்தப் படத்தோடு மல்லுக்கட்டியவன் அதைக் காணவில்லை. தன் விரல்கள் போட்ட முடிச்சுக்கூடத் தெளிவாகத் தெரிந்தது.

“ஆம்பிளையளின்ர ரையை ஒருத்தரும் பாக்கேல்லை” என்றார் அன்ரனெற். குரலில் கோபம் இல்லை. கணக்கில் ஒரு வரி சரிவந்தது போன்ற அமைதி மட்டும் இருந்தது.

உள்ளே போய்ச் சீலையையும் சட்டையையும் எடுத்துவந்தார். “கறுப்பில எத்தினை கறுப்பு இருக்குத் தெரியுமே உனக்கு? ரியூப் லைற்றில ஒண்டாத் தெரியிற ரெண்டு நூல், வெயிலில வேறை வேறையாத் தெரியும். ஜன்னலடியில வைச்சுப் பாக்காமல் நாங்கள் நூல் கோக்கிறேல்லை. கண்ணுக்கே உப்பிடியெண்டால் கமெராவுக்கு என்ன. சட்டை பருத்தி. சீலை நைலோன் மாதிரி ஒண்டு, அவசரத்துக்கு வாங்கினது. இரத்தினவேல் அண்ணையின்ர ரையும் மலிவு ரைதான்.”

முதலில் சமையலறை ரியூப் லைற்றுக்குக் கீழே இரண்டையும் மேசையில் விரித்தார். சீமோன் படம் எடுத்தான். கமெராவின் சின்னத் திரையில் இரண்டும் கறுப்பு. அன்ரனெற் துணிகளை ஜன்னலடிக்குக் கொண்டுபோனார். அங்கே சட்டை கறுப்பாகவே நின்றது. சீலையில் மட்டும் லேசாக மண்நிறம் ஏறியிருந்தது.

அன்ரனெற் தன் வலது கன்னத்தை விரலால் தொட்டார்.

“பெட்டியின்ர தலைமாட்டில உயரமா ஒரு விளக்கு நிண்டதெல்லே. அண்டைக்கு முழுக்க எனக்கு இந்தக் கன்னம் சுட்டது. வெளியில அவ்வளவு பனி, ஒரு பக்கம் மட்டும் சுடுது. அழுதுகொண்டு நிக்கேக்கையும் அதை நினைச்சனான்.”

படுக்கையறையில் அல்பேட்டின் கட்டிலருகே இருந்த மேசைவிளக்கைக் கழற்றிக்கொண்டு வந்தார். சாதாரண குண்டு பல்ப், தொட்டால் சுடும். திரைச்சீலையை இழுத்து மூடினார். விளக்கு எரிந்தது. கண்ணுக்கு இரண்டு துணியும் நல்ல கறுப்பு. சீமோன் பொத்தானை அழுத்தினான். சின்னத் திரையில், கறுப்புச் சட்டைக்குப் பக்கத்தில், கத்தரிப்பூ பூத்திருந்தது.

அவன் இந்த மூன்று கிழமையும் நிறத்தை மாற்றிக்கொண்டிருந்தான். அவர் வெளிச்சத்தை மாற்றினார். வீட்டில் சாவு நடந்த ஒருவர், தன்மேல் விழுந்த பழியைத் துணியை விரிப்பதுபோல் மேசையில் விரித்து, சுருக்கம் எங்கே என்று தேடுகிறார். அந்த நிதானம் தனக்கு வாழ்நாளில் வராது என்று அவனுக்குத் தோன்றியது. அப்போதுதான் அவனுடைய தொழிலும் மெல்ல வாய் திறந்தது.

“ரீவி றிமோட் இருக்கே அக்கா?”

அல்பேட் இருந்து ரீவி பார்க்கும் கதிரையின் கைப்பிடியில் அது இருந்தது. அழுக்குப் படாமல் பொலித்தீன் பையில் சுற்றி, ரப்பர் வளையம் போட்டு அவரே வைத்தது. சத்தம் கூட்டும் இடத்தில் பொலித்தீன் தேய்ந்து வெளிறியிருந்தது. சீமோன் அதைக் கமெராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்தினான். றிமோட்டின் முனையில் ஒன்றும் எரியவில்லை. கமெராத் திரையிலோ அதே முனையில் ஊதா கலந்த ஒரு வெள்ளைப் பொட்டு மினுங்கியது.

“எங்கட கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம். ரீவிக்குத் தெரியும். இந்தக் கமெராவுக்கும் தெரியுது. சூடான பல்ப்பில இது நிறைய வரும், ரியூப் லைற்றில வராது. உங்கட சீலை அதைத் திருப்பி அடிக்குது, சட்டை விழுங்கிப்போடுது. நிறம் மாறேல்லை அக்கா. எங்களுக்குத் தெரியாத ஒண்டை இது கண்டிட்டுது.” றிமோட்டைப் பழையபடி கதிரையில் வைத்தான். “யோசப் அண்ணைக்கு ரெண்டு பக்கத்தில விளக்கமா எழுதுறன்.”

“எழுதாதை.” அன்ரனெற் சீலையை மடிக்கத் தொடங்கினார். “ரையை மட்டும் பெரிசாக்கி அனுப்பு. அது ஆற்றை ரை எண்டு கீழ எழுது. வேறை ஒண்டும் வேண்டாம்.”

“அவர் நம்பாட்டி?”

அவர் மடிப்பை மேசையில் வைத்து நீவினார். “அதை விடு. நீ நம்பினனியே?”

அந்தக் கேள்வி இந்த வீட்டில் எங்கோ தனக்காகக் காத்திருந்ததுபோல் சீமோனுக்கு இருந்தது. பொய் சொல்லலாம். ஆனால் அந்தக் கண்ணுக்கு முன்னால் எந்தப் பொய்யின் நூலும் பொருந்தாது.

“நேற்று அவர் போனை வைச்ச பிறகு… கொஞ்ச நேரம் சந்தேகமாத்தான் இருந்தது. நான் கண்டது கறுப்புத்தானோ எண்டு. ஒரு ரெண்டு மணித்தியாலம்.”

“ரெண்டு மணித்தியாலமோ.” அன்ரனெற்றின் முகத்தில், செத்தவீட்டுக்குப் பிறகு முதன்முறையாக, சிரிப்புப் போன்ற ஏதோ ஒன்று வந்து நின்றது. “பரவாயில்லை. கமெரா புதுசெல்லே.”

தேத்தண்ணி போட எழுந்தவர், போகாமல் திரும்பிவந்து கதிரையடியில் நின்றார். “அதை இஞ்சால பிடி” என்றார். சீமோன் கமெராவைத் தூக்கிப் பிடித்து, சின்னத் திரையை அவர் பார்க்கும்படி சரித்தான். அவர் றிமோட்டைப் பொலித்தீனோடு எடுத்து, அல்பேட்டின் விரல் தேய்த்த இடத்தில் பெருவிரலை வைத்து அழுத்தினார். அறையில் ஒன்றும் நடக்கவில்லை. திரையில் அந்தச் சின்ன வெளிச்சம் வந்தது. விரலை எடுத்தார், போயிற்று. மறுபடி அழுத்தினார். வெளியே பனி தொடங்கியிருந்தது. சீமோன் கை வலித்தும் கமெராவை இறக்கவில்லை.