லெவாயின் நாற்காலி

1
அன்று எங்கள் வீட்டு விருந்து மேசையில் இருந்தவர்கள்: என் அண்ணன் கெசோ, அண்ணி நாலா, நான், எங்கள் அப்காசியாவின் தலைநகர் சுகுமிலிருந்து வந்த வெளியுறவு அதிகாரி தெங்கிஸ், ஒரு தீவுநாட்டின் தூதர் லெவாய். வேறு எவரும் இல்லை. தாங்களும் இருந்ததாகப் பலர் சொல்லித் திரிகிறார்கள். இந்தக் கதை பிறந்ததே அதனால்தான்.

2
முதல் தொடக்கம்: "வரைபடத்தில் ஓர் ஈ உட்கார்ந்தால் மறைந்துபோகும் தீவு ஒன்று, அப்காசியாவும் ஒரு நாடுதான் என்று..."

(அடித்துவிட்டேன். நம்மை நாடென்று ஒப்புக்கொண்டவர்களை ஈயால் மறைப்பது மரியாதையல்ல.)

இரண்டாம் தொடக்கம்: அந்தத் தீவு அண்ணனின் கனவில் வரும். எங்கள் ஆரஞ்சு மரங்கள் அங்கே கடலுக்குள் நின்று காய்க்கும். கிளைகளுக்கு நடுவே மீன்கள் போகும்.

இது இருக்கட்டும்.

3
எங்கள் வழக்கப்படி ஆட்டின் ஈரலையும் இதயத்தையும் குச்சியில் ஏந்தி, எழுந்து நின்று அண்ணன் வேண்டிக்கொண்டார். பிறகு லெவாயிடம் சொன்னார்:

"இன்னையிலருந்து நீ என் தம்பி. இந்த நாற்காலி உன்னோடது. கொடிமரத்துல உன் கொடியும் பறக்கும்."

தெங்கிஸ் அண்ணனின் காதருகே குனிந்தான். "மாமா, ஒப்பந்தத்துல இதெல்லாம் இல்ல."

"ஒப்பந்தம் உன்னோடது. தம்பி என்னோடவன்."

(அந்த வேண்டுதலுக்குப் பின் சொன்ன சொல்லை எங்கள் வீட்டில் யாரும் திரும்பப் பெற்றதில்லை.)

4
பிறகு தீவு, எங்களைத் தன் பகுதியென்று சொல்லும் ஜார்ஜியாவின் நண்பர்களோடு சேர்ந்து அங்கீகாரத்தை ரத்து செய்தது. தெங்கிஸ் ஓடி வந்தான்.

"கொடிய இறக்குங்க மாமா. நாளைக்கு வேறொரு நாட்டுத் தூதர இங்கதான் விருந்துக்குக் கூட்டிட்டு வர்றேன். நம்மள விட்டுட்டுப் போனவங்க கொடியப் பாத்தா, வந்தவரும் போயிடுவார்."

"போனவர் தட்டக் கழுவி அடுத்தவருக்கு வைக்கச் சொல்றியா?" என்றார் அண்ணி.

"அண்ணே, ஒரு நாள் மட்டும்..." என்றேன் நான். எங்கள் வீட்டு ஆண்களில் பாதிப்பேர் இந்த நாட்டுக்காக மண்ணுக்குள் இருக்கிறார்கள். எங்களை நாடென்று ஒப்புக்கொள்ளும் ஒரு கையெழுத்தின் கனம் எனக்குத் தெரியும்.

"எதிரணிக்குப் போனது அவன் நாடு," என்றார் அண்ணன். "அவன் இன்னும் என் தம்பிதான்."

5
முடிவு ஒன்று: புதிய தூதர் இறங்கி, வீட்டைப் பார்த்து, லெவாயின் நாற்காலிக்கு அடுத்ததில் உட்காருகிறார்.

முடிவு இரண்டு: வாசலிலேயே காரைத் திருப்பச் சொல்கிறார். நாங்கள் மறுபடியும்...

எது நடந்ததென்று சொல்லமாட்டேன். அது நாட்டின் காரியம், நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டின் காரியத்தில் ஒன்றை மட்டும் திருத்துகிறேன். தெங்கிஸ் வந்துபோன அன்று மாலை கம்பத்தில் தீவின் கொடியைக் காணாதவர்கள், கெசோ கொடியை இறக்கிவிட்டார் என்று சுகும் முழுக்கப் பேசுகிறார்கள். தவறு. கொடி அழுக்காக இருந்தது. அண்ணி துவைக்க எடுத்தார். மறுநாள் தூதர் வந்தபோது அது ஈரத்தோடு பறந்துகொண்டிருந்தது.