நகம் பதியாத கட்டி

விழக்கூடாது. இந்த ஒரு தடவை மட்டும் கீறல் விழக்கூடாது.

மைதிலி கட்டைவிரல் நகத்தை அந்த மஞ்சள் கட்டியின்மேல் அழுத்தி இழுத்தாள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். ஒன்றுமில்லை. மறுபடி இழுத்தாள். நகத்தின் ஓரம்தான் மழுங்கியது.

நாச்சாரத்தில் இந்த ஜிப்சம் ஆலையின் சோதனை அறைக்கு வந்ததிலிருந்து அவள் நகத்துக்கு இணங்காத எதையும் பார்த்ததில்லை. லாரியில் வந்து இறங்கும் மண்நிறக் கட்டி கீறும். பட்டுநூல்போல் மின்னும் நார்க்கல்லும் கீறும். கண்ணாடிபோல் தெளிந்து, ஏடு ஏடாக உரியும் கல்லும் கீறும். எல்லாம் ஒரே ஜிப்சம்தான். வறுத்துப் பொடித்தால் கூரைக்குப் பூசும் பிளாஸ்டர். நீராவியில் அழுத்தி வேகவைத்தால் பல் அச்சு வார்க்கும் கெட்டி மாவு. அடையாளத்துக்கு அதில் மஞ்சள் நிறம் சேர்ப்பார்கள். மண் கலந்த கட்டிகளில் அவளுக்கு அது கைகூடவேயில்லை. தெளிந்த கல்லை மட்டும் கையால் பொறுக்கி வேகவைத்து, அந்த மாவைத் தண்ணீரில் குழைத்துக் கட்டியாக வார்த்தாள். வந்துவிட்டது!

யாரிடமாவது உடனே சொல்ல வேண்டும் போலிருந்தது. சொன்னால் குறைந்துவிடுமோ என்றும் இருந்தது. யாரும் பாராட்டுவதற்கு முன்பே ஒருத்திக்கு இவ்வளவு சந்தோஷம் வருமா?

முதலாளி பத்ரிநாராயணன் உள்ளே வந்தார். கட்டியை வாங்கி அவரும் கீறிப் பார்த்தார்.

"ஹவ், ஆமா! கலக்கிட்டே மா! எத்தனை மூட்டை தேறும்?"

"இப்போதைக்கு ஒண்ணு சார். தெளிஞ்ச கல்லு அவ்வளவுதான் இருந்துச்சு."

"அமீர்பேட்ல டென்டல் லேப் வச்சிருக்கானே ஷ்யாம், அவன் பத்து கேக்குறான். மீதி ஒன்பதுல சாதா பிளாஸ்டரைப் போட்டு மஞ்சக் கலர் கலந்துடு. எல்லாரும் கலரைத்தான் பாப்பாங்க."

"அச்சு தேஞ்சுடும் சார். அதை வச்சுச் செஞ்ச பல்லு வாயில உக்காராது."

"உன் வாயா, என் வாயா? டென்ஷன் நக்கோ மா, வேணாம்." கட்டியை அவள் கையில் திருப்பி வைத்தார். "ஷ்யாம் கீழதான் நிக்கிறான். இதை மட்டும் கொண்டுபோய்க் காட்டு. நீ கண்டுபிடிச்சதுன்னே சொல்லு, போ."

நீ கண்டுபிடிச்சது. அந்தச் சொல் உள்ளே போய் இனித்தது. அவளுக்கே கூச்சமாக இருந்தது. நகம் தானாகக் கட்டியின்மேல் இன்னொரு முறை ஓடியது. வழுக்கிக்கொண்டு போனது.

கட்டியை மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஒரு மூட்டைக்குன்னா காட்டுறேன் சார்," என்றாள் மெதுவாக. "பத்துக்குக் காட்ட மாட்டேன்."