தோற்றவர் இல்லாத பந்தயம்

ஐந்து வருடமாக ஜெயவேலு தன் மகனைத் திட்டவில்லை.

அதற்கு முன் திட்டாத நாள் கிடையாது. சேலையூர் ஏரித் தண்ணீரில் அவர்கள் நெல் விளைவித்த காலத்திலிருந்தே அந்த வீட்டுக் குரல் ஊருக்குத் தெரியும். சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினாலும் சரி, கணக்கில் ஐந்து மதிப்பெண் குறைந்தாலும் சரி, சிட்டிபாபு வாங்கும் திட்டு கேம்ப் ரோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் கேட்கும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் சிட்டிபாபுவுக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. ஜெயவேலு தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்தார். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர், "பையன் மனசு நோகாம பாத்துக்குங்க" என்றார். அன்றோடு வீடு அடங்கியது. அவர் மனைவி பொன்னியம்மாள் மகனுக்குத் தண்ணீரைக்கூடக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, அளந்து கொடுத்தாள். உறவுக்காரர்கள் செருப்போடு சேர்த்துக் குரலையும் வாசலில் கழற்றிவைத்துவிட்டு வந்தார்கள். போகும்போது எல்லாரும் ஒரே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்கள்: "பாவம்."

அந்த வார்த்தையைக் கேட்டாலே ஜெயவேலுவின் காது சுடும். அவர் வீட்டு ஆட்களைப் பார்த்து ஊர் பயந்திருக்கிறது, பொறாமைப்பட்டிருக்கிறது, வழக்கும் போட்டிருக்கிறது. பாவம் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை. இப்போது கல்யாணப் பத்திரிகை வைக்க வருபவன்கூட, "தம்பி வர வேணாம்ணா, அலைச்சல்" என்கிறான்.

அப்படி இருக்கையில், தொண்ணூற்று மூன்று தை மாதத்தில் ஒரு கடிதம் வந்தது. சிறுநீரகம் மாற்றிக்கொண்டவர்களுக்கு மேற்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளி மைதானத்தில் விளையாட்டுப் போட்டி. நடத்துவது ஏதோ சேவைச் சங்கம்.

"நோவு வந்தவன ஓடவுட்டு வேடிக்க பாக்கறதுக்கு ஒரு சங்கமா?" என்று அவர் கடிதத்தைத்தான் திட்டினார்.

"நான் ஓடப்போறேன், நைனா" என்றான் சிட்டிபாபு. "நாலு மாசமா ஏரிக்கரைல ஓடிகினுதான் கீறேன்."

காலையில் காற்று வாங்கப் போகிறான் என்றுதான் அவர் நினைத்திருந்தார். திட்ட வாயைத் திறந்தார். பொன்னியம்மாள் கதவருகிலிருந்து பார்த்த பார்வையில் மூடிக்கொண்டார். கஞ்சி போட்ட வேட்டியை உடுத்திக்கொண்டு அவரும் கிளம்பினார். மகனை யாராவது ஒரு சொல் சொன்னால் கேட்க ஆள் வேண்டுமே.

மைதானத்தில் பந்தலுக்குள் நுழையும்போதே சங்கச் செயலாளர் யக்ஞநாராயணன் சால்வையோடு வந்தார். "தானம் செய்த தந்தையா? வாங்க, மேடைக்கு வாங்க."

"எம் புள்ளைக்கு நான் குட்தேன். அதுக்கு சால்வ போத்திக்க நான் இன்னா எலெக்‌ஷன்லயா நிக்கறேன்?" என்று சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் போய் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார்.

நூறு மீட்டருக்கு ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேருக்கும் நெஞ்சில் துணி அட்டை. அதில் பெயர் இல்லை. 'நோயாளி 1', 'நோயாளி 2' என்று எழுதியிருந்தது. ஜெயவேலு பல்லைக் கடித்தார். விசில் ஊதியதும் செயலாளர் மைக்கில், "மெதுவா... மெதுவா... அவசரமே இல்ல" என்று பாடத் தொடங்கினார். பக்கத்திலேயே ஆம்புலன்ஸ் ஒன்று ஊர்ந்து வந்தது.

நான்கு பேர் அந்தச் சொல்லைக் கேட்டு நடந்தார்கள். இரண்டு பேர் கேட்கவில்லை. ஒருவன் சிட்டிபாபு. இன்னொருவன் திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் தாவீது, கறுத்துக் குட்டையான ஆள். இருவரும் தோளோடு தோள் வந்தார்கள். மாத்திரையால் ஊதியிருந்த சிட்டிபாபுவின் முகம் வியர்வையில் பளபளத்தது. கடைசியில் அவன் மார்பு ஒரு முழம் முன்னால் போய்ச் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டியது.

ஜெயவேலு எழுந்தே நின்றுவிட்டார்.

செயலாளர் மைக்கைப் பிடித்தார். "அன்பர்களே, இங்கே தோற்றவர் யாருமே இல்லை! ஆறு பேரும் முதல் பரிசு!" எல்லாரும் கைதட்டினார்கள். ஆறு பேர் கையிலும் ஒரே மாதிரி எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பக்கத்து நாற்காலி அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "பாவம்."

அவ்வளவுதான். ஜெயவேலு நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு மேடைக்குப் போனார்.

"யார்யா மொதல்ல வந்தது? பேரச் சொல்லு."

"பெரியவரே, இது அந்த மாதிரிப் போட்டி இல்ல. யார் மனசும் நோகக் கூடாதுன்னு..."

"நோவட்டும்! ஓடனவனும் மொதலு, நடந்தவனும் மொதலுன்னா எம் புள்ள இன்னாத்துக்கு மூச்சு முட்ட ஓடனான்? கோட்டாண்ட யார நிக்க வெச்ச? எழுதனது எங்க, காட்டு."

செயலாளர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். கோட்டருகே யாரையும் நிறுத்தவே இல்லை என்பது அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. யார் முந்தினார்கள் என்று பார்க்க ஆள் வைக்காமலே பந்தயம் நடத்தியிருக்கிறார்கள்.

"ஆள் வெக்காம கோடு மட்டும் எதுக்குய்யா? கோலமா?"

"சார், பேஷண்ட்ஸ் முன்னாடி இப்படிக் கத்தாதீங்க. தம்பிக்கு பிரஷர் ஏறிடும்..."

"சார், ஒரு நிமிசம்." கூட்டத்தை விலக்கிக்கொண்டு தாவீது வந்தான். டிபன் பாக்ஸை மேஜைமேல் டங்கென்று வைத்தான். "இத நீங்களே வெச்சுக்கங்க. நான் தோத்தேன். இவரு ஜெயிச்சாரு. மூணு வருசமா என்னை யாரும் எதுலயும் தோக்க வுடமாட்டறாங்க சார். எம் பொண்டாட்டி தாயம் ஆடனாக்கூட வேணும்னே வுட்டுக் குடுக்கறா. பேஜாரா கீது."

"பதிவு இல்லாம நாங்க எப்படி அறிவிக்கிறது?" என்றார் செயலாளர்.

"அப்போ இன்னொரு தபா ஓடறோம்" என்றான் தாவீது. சிட்டிபாபுவைப் பார்த்தான். "இன்னா மச்சான், வர்றியா? இந்த தபா வுட மாட்டேன்."

"வா, பாக்கலாம்" என்றான் சிட்டிபாபு.

இருவருக்கும் வைத்தியம் பார்க்கும் டாக்டர் சரோஜினி மேடையிலிருந்து இறங்கி வந்தார். இருவர் நாடியையும் பிடித்துப் பார்த்தார். "அரை மணி நேரம் உட்காரட்டும். அப்புறம் ஓடட்டும். கோட்டுல நான் நிக்கறேன்." பிறகு ஆம்புலன்ஸ்காரரைப் பார்த்து, "நீங்க அந்த மரத்தடிக்குப் போங்க" என்றார்.

ஜெயவேலு மகன் நெஞ்சிலிருந்த அட்டையைக் கழற்றினார். மேஜையிலிருந்த பேனாவைக் கேட்காமலே எடுத்து, அட்டையின் பின்பக்கம் 'ஜெ. சிட்டிபாபு, சேலையூர்' என்று பெரிதாக எழுதிக் குத்திவிட்டார். தாவீதும் தன் அட்டையை நீட்டினான். அவன் பெயரையும் எழுதினார்.

இரண்டாம் முறை மைக்கில் யாரும் பாடவில்லை. பாதி தூரம் வரை சிட்டிபாபுதான் முன்னால் இருந்தான். எண்பதாவது மீட்டரில், தாவீது எங்கே என்று தலையைத் திருப்பிப் பார்த்தான். அந்த ஒரு நொடியில் தாவீது தலையைக் கவிழ்த்துக்கொண்டு குண்டு மாதிரி பாய்ந்து கோட்டைத் தாண்டினான்.

"முதல், தாவீது. இரண்டாவது, சிட்டிபாபு" என்றார் டாக்டர் சரோஜினி. பதிவேட்டில் எழுதிக் கையெழுத்தும் போட்டார். மைதானத்தில் ஒருவரும் பாவம் என்று சொல்லவில்லை.

ஜெயவேலு தாவீதின் கையைப் பிடித்து ஒருமுறை குலுக்கினார். மகனுக்குக் கொடுத்த டிபன் பாக்ஸை எடுத்துக்கொள்ளாமல் வந்து அவன் ஸ்கூட்டரின் பின்னால் ஏறினார். ரயில்வே கேட்டில் வண்டி நின்றபோது அவருக்கு வாய் திறந்துகொண்டது.

"எவன்டா உன்ன திரும்பிப் பாக்கச் சொன்னது? முன்னால போறவனுக்குப் பின்னால இன்னாடா வேல? கழுத்துல இன்னா திருகாணியா கீது? கைல இருந்தத தூக்கிக் குட்துட்டு வர்றியே, அறிவு கெட்டவனே!"

கேட்டில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கேட்டைத் திறந்த பிறகும் அவர் நிறுத்தவில்லை. கேம்ப் ரோடு முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தார்.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திய சிட்டிபாபு, சாவியை உருவிக்கொண்டு திரும்பினான். முகம் சிவந்திருந்தது. "சும்மா கத்தாத நைனா! ரெண்டாவது தபா ஓடனா தெரியும் உனக்கு. நீ வந்து ஓடிப் பாரு!"

பொன்னியம்மாள் ஆறவைத்த தண்ணீரோடு ஓடி வந்தாள். "ஐயோ, புள்ளையப் போய்த் திட்றீங்களே! டாக்டர் இன்னா சொன்னாரு?"

"உம் புள்ள தோத்துட்டு வந்து நிக்கறான், வாயப் பாரு அவனுக்கு" என்று கத்திக்கொண்டே அவள் கையிலிருந்த தம்ளரைப் பிடுங்கி அவரே குடித்தார். "காலைல அஞ்சு மணிக்கு ஏரிக்கரைக்கு வர்றேன்டா. திரும்பிப் பாரு, அப்ப கீது உனக்கு."